யூரினில் மூன்று பிளஸ், ரத்தத்தில் ஒன்றுமில்லை

பதினான்கு மாதம், எனக்கு இல்லாத ஒரு நோய்க்கு மாத்திரை விழுங்கினேன். அந்தக் காலத்தில் போனது ஆறு கிலோ எடை, எண்ணிப் பார்க்க மனம் வராத அளவு விடுப்பு நாட்கள், பாதி ராத்திரித் தூக்கம். நோயின் பெயர் சர்க்கரை. ஆதாரம் ஒரே ஒரு காகிதம்: சிறுநீர்ப் பரிசோதனையில் குளுக்கோஸ் "மூன்று பிளஸ்". அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. என் சிறுநீரில் அன்றும் குளுக்கோஸ் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது எந்த வழியாக வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. கதையை நான் நீட்டப் போவதில்லை. எந்தக் கட்டத்தில் எது தவறியது, அப்போது சிறுநீரகத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது, அடுத்து மாட்டுகிறவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் ஒரு வழக்கமான உடல் தகுதிப் பரிசோதனை. ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்தார்கள், நிறம் அடர்ந்தது. உடனே விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள்: சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 148. "ஆரம்பக் கட்டம்" என்றார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 148 என்பது ஆரோக்கியமான ஒருவருக்கும் வரக்கூடிய எண். அதை வைத்து நீரிழிவு என்று சொல்ல எந்த விதியும் கிடையாது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் தெளிவான அறிகுறிகளோடு எந்த நேரத்திலும் 200 அல்லது அதற்கு மேல். நீரிழிவு என்று சொல்ல இவைதான் அளவுகோல். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு முறை வந்த எண் போதாது, இன்னொரு சோதனையும் அதையே சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் சிறுநீர் எங்குமே இல்லை என்பதை நான் கவனிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஸ்ட்ரிப்பைப் பற்றி இரண்டு விஷயம். அதன் முனையில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. குளுக்கோஸைத் தொட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், அது சாயத்தை நிறம் மாற்றும். அதனால் பிளீச்சிங் திரவம் ஒட்டியிருந்த பாத்திரத்தில் சிறுநீர் பிடித்தால் குளுக்கோஸ் இல்லாமலே நிறம் வரும். மாறாக, வைட்டமின் சி மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் இருக்கும் குளுக்கோஸையும் ஸ்ட்ரிப் காட்டாமல் விட்டுவிடலாம். இரண்டாவது, சிறுநீர்ப்பை ஒரு தொட்டி. அதில் இருப்பது கடந்த சில மணி நேரத்தின் கலவை. "இப்போது" என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் முழுவதும் போய்விட்டு, அரை மணி நேரம் கழித்து வரும் இரண்டாவது சிறுநீரைப் பிடிக்க வேண்டும். ரத்தம் எடுப்பதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். ரத்தமும் சிறுநீரும் ஜோடியாக எடுக்கப்படாத வரை சிறுநீரில் இருக்கும் குளுக்கோஸ் பாதி வாக்கியம்தான். என்னிடம் அந்தப் பாதி வாக்கியத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இனி சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை அது ரத்தத்திலிருந்து வடிக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர். குளுக்கோஸ் சின்ன மூலக்கூறு, வடிகட்டியில் தடையே இல்லாமல் இறங்கிவிடும். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 160 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வடிந்து குழலுக்குள் விழுகிறது. ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சர்க்கரை! இது முழுவதும் சிறுநீரோடு போனால் தாங்க முடியாத இழப்பு. எனவே வடிந்ததை வடிந்த இடத்துக்கு மிக அருகிலேயே, நுண்குழலின் முதல் பகுதியிலேயே, சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சராசரி மனிதரின் ஒரு நாள் சிறுநீரில் கடைசியில் மிஞ்சும் குளுக்கோஸ் அரை கிராம்கூடத் தேறாது. ஆக, சிறுநீரில் சர்க்கரை இல்லாமல் இருப்பது தானாக அமைந்த நிலை இல்லை. ஒவ்வொரு நிமிடமும் உழைத்துப் பெறுவது. இந்த ஒரு வரி எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் மற்றதையெல்லாம் நானே கேட்டிருப்பேன்.

அந்த உழைப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குழலின் சுவர்ச் செல்களுக்குள் குளுக்கோஸ் சும்மா நுழையாது. குழலில் இருக்கும் குளுக்கோஸ் குறையக் குறைய, மேட்டில் ஏற்றுவது மாதிரி அதை உள்ளே இழுக்க வேண்டியிருக்கும். இழுக்கும் விசையைத் தருவது சோடியம், உப்பில் இருக்கிறதே அதுதான். செல்லின் பின்பக்கம், ரத்தத்தை ஒட்டிய சுவரில், சோடியம் பொட்டாசியம் பம்ப் ஒன்று ஓயாமல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதற்கு எரிபொருள் ஏடிபி, செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு. இதன் விளைவாகச் செல்லுக்குள் சோடியம் வற்றிப்போகிறது. வெளியே லிட்டருக்கு 140 மில்லிமோல் இருந்தால் உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போதாததற்குச் செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்மின்னூட்டம் கொண்ட சோடியத்தை அது வேறு இழுக்கும். குழலில் இருக்கும் சோடியம் உள்ளே பாயத் துடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதற்குத் திறக்கும் கதவுகளில் ஒன்று, கையில் ஒரு குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் திறக்கும். அந்தக் கதவின் பெயர் எஸ்ஜிஎல்டி2. சோடியம் இறங்குகிற வேகத்தில் குளுக்கோஸ் தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. எரிபொருளைச் செலவழிப்பது பின்பக்கத்து பம்ப், பலன் முன்பக்கத்துக் கதவுக்கு. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்துதான் செல்லுக்குள் போகிறது என்ற கருத்தை 1960ல் பிராகில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். அவர் பேசியது குடலைப் பற்றி, ஆனால் சிறுநீரகத்துக்கும் அதே கணக்குதான்.

உள்ளே வந்த குளுக்கோஸ் செல்லில் தங்குவதில்லை. பின்பக்கச் சுவரில் குளுட்2 என்ற இன்னொரு கடத்தி இருக்கிறது, அதற்குச் சோடியமும் வேண்டாம், சக்தியும் வேண்டாம். செல்லுக்குள் குளுக்கோஸ் கூடுதலாக இருப்பதால் அது தானாகவே வெளியேறி ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. வடிந்த குளுக்கோஸில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த முதல் பகுதியிலேயே மீண்டுவிடும். மீதி கொஞ்சம் குழலின் கீழ்ப்பகுதிக்கு நழுவுகிறது. அங்கே குளுக்கோஸ் அரிது, எனவே இழுவிசை கூடுதலாக வேண்டும். அங்கே இருப்பது எஸ்ஜிஎல்டி1. இது ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியத்தைக் கேட்கும். கணக்குப் போட்டால், ஒரு சோடியம் தரும் விசையில் குளுக்கோஸை வெளியே இருப்பதைவிட நூறு மடங்கு செறிவுக்கு உள்ளே சேர்க்க முடியும், இரண்டு சோடியம் என்றால் அது நூறின் வர்க்கம், பத்தாயிரம் மடங்கு. மிச்சம் மீதியைத் துடைத்தெடுக்க அந்த அளவு விசை வேண்டும். ஆனால் செலவும் இரட்டிப்பு, உள்ளே வந்த ஒவ்வொரு சோடியத்தையும் பம்ப் திரும்ப வெளியே தள்ளியாக வேண்டும். அதனால்தான் மொத்தச் சரக்கை மலிவான கதவு வாங்குகிறது, சில்லறையை விலையுயர்ந்த கதவு பொறுக்குகிறது. எத்தனை நேர்த்தியான சிக்கனம் என்று பிறகு வியந்தேன். அன்று வியக்கும் மனநிலை இல்லை.

இந்தக் கதவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எல்லாக் கடத்திகளும் முழுவேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராமுக்கு மேல் மீட்க முடியாது, பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. ரத்தத்தில் 100 இருக்கும்போது வடிவது நிமிடத்துக்கு 125 மில்லிகிராம், அதாவது திறனில் மூன்றில் ஒரு பங்கு. காகிதக் கணக்குப்படி ரத்தச் சர்க்கரை 300 தொட்ட பிறகே சிறுநீரில் வர வேண்டும். நடைமுறையில் 180 வாக்கிலேயே தலைகாட்டிவிடும். காரணம், லட்சக்கணக்கான நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டியும் குழலும் சேர்ந்த நுண் அலகுகள், ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. சிலவற்றில் வடிவது அதிகம், மீட்பது குறைவு, அவை முதலில் நிரம்பி வழிந்துவிடும். அதனால்தான் சிறுநீரில் குளுக்கோஸ் என்றால் ரத்தத்தில் 180 தாண்டிவிட்டது என்று எல்லோரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அந்தப் படிப்பு சரியாகவும் போய்விடுகிறது.

அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. தொட்டி நிரம்பினாலும் தரை நனையும், தொட்டியில் விரிசல் இருந்தாலும் தரை நனையும். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து கதவுகள் திணறுவது ஒரு வழி. ரத்தத்தில் சர்க்கரை அளவோடு இருந்தும் கதவே பழுதாகி இருப்பது இன்னொரு வழி. ஸ்ட்ரிப் காட்டுவது நனைந்த தரையை மட்டும்தான். எனக்கு இருந்தது விரிசல். பெயர் ரீனல் குளுக்கோசூரியா, சிறுநீரக வழிச் சர்க்கரைக் கசிவு.

இது தெரியாமல் எனக்குக் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது, ரத்தச் சர்க்கரை ஏற்கெனவே சரியாக இருக்கிறதா என்று அது பார்க்காது. அடுத்து நடந்தது ஒரு விசித்திரமான சுழல். ரத்தச் சர்க்கரை 80, 90 என்று அழகாக வந்தது, "மாத்திரை வேலை செய்கிறது" என்றார்கள். மாத்திரை இல்லாமலும் அது அப்படித்தான் இருந்திருக்கும். சிறுநீரில் மட்டும் மூன்று பிளஸ் அசையவில்லை, "வீட்டில் கட்டுப்பாடு போதவில்லை" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு பருக்கை மிகாமல் இருந்த நாட்கள் அவை. மாத்திரை 2 மில்லிகிராம் ஆனது. சில வாரங்களில் விடியற்காலையில் வியர்த்து நனைந்து, கை நடுங்கி, என்ன பேசுகிறோம் என்றே தெரியாத நிலையில் எழுந்தேன். மீட்டர் 52 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை, 54க்குக் கீழே ஆபத்தான தாழ்வு. விழுங்க முடிகிற நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை. இந்த வகை மாத்திரையால் வந்த தாழ்வு சரியானது போலிருந்து சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும், எனவே ஏறியதும் ஏதாவது உணவு சாப்பிட்டு, அந்த நாள் முழுவதும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ரத்த எண் சீராக இருந்து, சிறுநீர் மட்டும் அசையாமல் இருந்தால், அளவைக் கூட்டுவதற்கு முன்னால் நோய்க் கணிப்பையே ஒரு முறை சந்தேகிக்க வேண்டும். சிறுநீரைப் பார்த்து மாத்திரை கூட்டுவது எந்தச் சூழலிலும் தவறு.

அடுத்த பயம் நானே வரவழைத்துக்கொண்டது. மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் யூரின் ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் மூன்று பிளஸோடு கீட்டோன் இரண்டு பிளஸும் சேர்ந்து வந்தது. குளுக்கோஸும் கீட்டோனும் ஒன்றாக வந்தால் நீரிழிவுக் கீட்டோ அமிலத்தேக்கம் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள், அது உயிருக்கு ஆபத்தானது. ஒரு ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் இருந்தேன். மாவுச்சத்து வராவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கும், அதன் விளைபொருள் கீட்டோன். உண்ணாதிருப்பவர் எவருக்கும் வரும். என் விஷயத்தில் கொஞ்ச நஞ்சக் குளுக்கோஸும் சிறுநீரில் வடிந்ததால் இன்னும் சுலபமாக வந்தது. இரண்டையும் பிரித்தறிய ரத்தத்தில் மூன்று எண்கள் போதும்: குளுக்கோஸ், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட், முக்கியக் கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். எனக்கு 82, 24, 0.9. அமிலத்தேக்கம் என்றால் கடைசி எண் பொதுவாக 3 மில்லிமோலைத் தாண்டும், பைகார்பனேட் 18க்குக் கீழே விழும். இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரை இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எஸ்ஜிஎல்டி2 கதவை அடைக்கும் கிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலே அமிலத்தேக்கம் வரக்கூடும். அந்த மாத்திரைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ராத்திரிப் பணியில் இருந்த ஒருவர்தான் முதல்முறையாக "மாத்திரை இல்லாமல் உங்கள் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டார். பதில் யாரிடமும் இல்லை. மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தி, நிறுத்திய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தோம். முறையை விவரமாகச் சொல்கிறேன், இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. 75 கிராம் குளுக்கோஸ் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். பத்தியம் இருந்துவிட்டு நேராகப் போனால் இன்சுலின் சுரப்பு மந்தமாகி எண் பொய்யாக ஏறும். நான் முதல் முறை அப்படிப் போய் 168 வாங்கி வந்தேன், அந்த ஒரு தப்பில் இன்னும் ஒரு மாதம் போனது. எட்டு மணி நேரம் வெறும் வயிறு, குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும், நடை கூடாது, புகை கூடாது. ரத்தத்தை ஃபுளோரைடு கலந்த, சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்து அணுக்களை உடனே பிரித்துவிட வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து மேஜையில் விட்டால் ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். நம் விஷயத்தில் இது முக்கியம்: ரத்தம் இயல்பு என்பதுதான் நாம் நிரூபிக்க வேண்டியது, அந்த இயல்பு குழாயில் உண்டான போலியாக இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் சிறுநீரையும் பிடிக்கச் சொல்லுங்கள். எனக்கு வெறும் வயிற்றில் 90, ஒரு மணியில் 132, இரண்டு மணியில் 104. மூன்று சிறுநீரிலும் குளுக்கோஸ். வெறும் வயிற்றுச் சிறுநீரிலேயே இருந்ததுதான் சாவி. ஹெச்பிஏ1சியை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி, மாத்திரை சாப்பிட்ட நாட்களும் அதில் கலந்திருக்கும். நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு வந்த எண்தான் உங்கள் சொந்த எண். எனக்கு 5.2. ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்தச் சோதனையே தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கசிவின் அளவைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, 24 மணி நேரச் சிறுநீர். காலையில் முதலில் வருவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள், மறுநாள் அதே நேரத்தில் வருவது கடைசி. கேனைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் பாக்டீரியா பெருகிக் குளுக்கோஸைத் தின்று எண்ணைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது, ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம், சிறுநீர் இரண்டிலும் குளுக்கோஸையும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினையும் பார்த்துக் கணக்கிடுவது. சிறுநீர்க் குளுக்கோஸை ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, அதை ரத்தக் குளுக்கோஸ், சிறுநீர்க் கிரியேட்டினின் இரண்டின் பெருக்கல் தொகையால் வகுக்க வேண்டும். எனக்கு 1000 பெருக்கல் 0.9, வகுத்தல் 90 பெருக்கல் 100. விடை 0.1. அதாவது வடிந்ததில் பத்து சதவீதம் திரும்பவில்லை. நாளுக்கு 160 கிராம் வடிந்தால் 16 கிராம் இழப்பு என்று வரும். கேனில் வந்தது 17. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

ஆனாலும் ரத்தம் இயல்பு, சிறுநீரில் குளுக்கோஸ் என்றவுடன் விரிசல்தான் என்று முடித்துவிடக் கூடாது. முதலில் மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின், கானாகிளிஃபுளோசின் இவற்றின் வேலையே எஸ்ஜிஎல்டி2 கதவை அடைப்பதுதான். இவற்றை இப்போது சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் ஸ்ட்ரிப் எப்போதும் அடர்நிறத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து அவர்களைச் சர்க்கரை நோயாளி ஆக்கிவிட வேண்டாம். அடுத்தது கர்ப்பம். வடிகட்டும் அளவு பாதியளவு வரை கூடிவிடுவதால் ரத்தம் இயல்பாக இருந்தும் குளுக்கோஸ் கசிவது சாதாரணம், கர்ப்பகால நீரிழிவைச் சிறுநீரால் கண்டுபிடிக்க முடியாது, 24 முதல் 28 வாரத்தில் செய்யும் குளுக்கோஸ் சோதனைதான் சொல்லும். மூன்றாவதுதான் தவறவிடக் கூடாதது: ஃபான்கோனி நோய்த்தொகுப்பு. இதில் பழுது ஒரு கதவில் மட்டும் இல்லை, முதல் நுண்குழல் மொத்தமும் களைத்துவிடும். குளுக்கோஸோடு பாஸ்பேட், பைகார்பனேட், யூரிக் அமிலம், அமினோ அமிலம் எல்லாம் சேர்ந்து வழியும். டெனோஃபோவிர், ஐஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள், மைலோமா, வில்சன் நோய், குழந்தைகளில் சிஸ்டினோசிஸ் எனக் காரணங்கள் பல. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி என்று வருவார்கள். பிரித்தறிய ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட், யூரிக் அமிலம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எனக்கு இவை அனைத்தும் இயல்பு. கசிந்தது குளுக்கோஸ் ஒன்று மட்டுமே.

அப்படிக் குளுக்கோஸ் மட்டும் தனியாகக் கசிந்தால் பெரும்பாலும் பழுது எஸ்எல்சி5ஏ2 என்ற மரபணுவில், எஸ்ஜிஎல்டி2 கதவுக்கான வரைபடம் அதில்தான் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு நகல். ஒன்று மட்டும் பழுதானால் கசிவு லேசாக, பல நேரம் நாளுக்குப் பத்து கிராமுக்குள் இருக்கும், சிலருக்கு வெளியே தெரியவே தெரியாது. இரண்டும் பழுதானால் கூடும், அரிதாக நூறு கிராமைத் தாண்டியவர்களும் உண்டு. எஸ்ஜிஎல்டி2 வேலை செய்யத் துணைநிற்கும் எம்ஏபி17 என்ற சின்னப் புரதம் பழுதானாலும் இதே நிலை வரும் என்று கண்டிருக்கிறார்கள். உறுதிப்படுத்த மரபணுச் சோதனை கட்டாயம் இல்லை, ஜோடிச் சோதனைகளே போதும். ஆனால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு முறை ஸ்ட்ரிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு அவர்களிடமும் யாராவது "ஆரம்பக் கட்டம்" என்று சொல்வார்கள்.

மற்ற கதவான எஸ்ஜிஎல்டி1 பழுதானால் நிலைமை தலைகீழ். சிறுநீரில் கசிவு சொற்பம், ஆனால் குடலில் குளுக்கோஸ் ஏறாது, பிறந்த குழந்தைக்கு முதல் பால் குடித்ததிலிருந்தே கடும் வயிற்றுப்போக்கு. குடலில் இந்தக் கதவுதான் பிரதானம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதன் வழியாகத்தான். 2002ல் திருத்திய கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். இரண்டும் கைகோத்து உள்ளே போக, தண்ணீர் பின்னால் போகும்.

என் விரிசல் ஆபத்தா என்று கேட்டுக் கேட்டு மருத்துவரைச் சலிக்க வைத்தேன். இல்லை என்பதற்கு இருக்கும் சான்று ரசமானது. 1835ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் குளுக்கோஸ் வருகிறது என்று 1886ல் ஃபான் மேரிங் காட்டினார். அது இரண்டு கதவையும் அடைக்கும், குடலையும் கெடுக்கும், வாய்வழி கொடுத்தால் சிதைந்துவிடும், எனவே மருந்தாகத் தேறவில்லை. பிறகு எஸ்ஜிஎல்டி2வை மட்டும் அடைக்கும் மருந்து தேடியபோது, பிறவியிலேயே அந்தக் கதவு பழுதான எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் தொந்தரவின்றி ஆயுளை ஓட்டுகிறார்கள் என்பது பெரிய தைரியமாக இருந்தது. டாபாகிளிஃபுளோசினுக்கு ஐரோப்பாவில் 2012ல் அனுமதி கிடைத்தது. 90 சதவீதம் மீட்கும் கதவை அடைத்தால் 90 சதவீதம் வெளியேற வேண்டும் அல்லவா? வெளியேறுவது வடிந்ததில் பாதி அல்லது அதற்கும் குறைவு. வழக்கமாகச் சும்மா இருக்கும் எஸ்ஜிஎல்டி1 கீழே நின்று முழுத் திறனில் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை இல்லாதவருக்கு இந்த மருந்து தனியாகத் தாழ் சர்க்கரையை உண்டாக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, என் அனுபவம் அது இல்லையென்றாலும், கசிவின் இயல்பு தெரிந்ததால் சொல்கிறேன். சிறுநீரில் எப்போதும் குளுக்கோஸ் இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம், கழுவி உலர வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் நாட்களில் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பும் நிறுத்த வேண்டும், எர்ட்டுகிளிஃபுளோசினுக்கு நான்கு நாள். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டர் 160 காட்டினாலும் ரத்தக் கீட்டோனைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய முதல் வாரங்களில் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிக்கும் வேகத்தின் மதிப்பீடு, கொஞ்சம் இறங்குவது எதிர்பார்த்ததுதான்: மேலே மீளாத உப்பு கீழே போய்ச் சேர, அதை உணர்ந்த சிறுநீரகம் வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

விரிசல் மட்டும் இருப்பவர்களுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. நான் இப்போது கடைப்பிடிப்பது சில: மாவுச்சத்தை அறவே விடும் உணவுமுறைகளையும் நீண்ட பட்டினியையும் தவிர்க்கிறேன், வெயிலில் அலைந்தால் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறேன், வருடம் ஒரு முறை வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்க்கிறேன். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், இந்தக் கசிவு இருப்பவருக்கும் நாளைக்கு உண்மையான நீரிழிவு வரலாம், அப்போது சிறுநீர் எதையும் சொல்லாது. சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பார்க்க 1,5 அன்ஹைட்ரோகுளுசிடால் என்ற ரத்தச் சோதனையை யாராவது எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சிறுநீரில் குளுக்கோஸ் இருந்தாலே அது பொய்யாகத் தாழும். குளுக்கோஸ் சோதனை ரிப்போர்ட், 24 மணி நேரச் சிறுநீர் ரிப்போர்ட், "ரீனல் குளுக்கோசூரியா, ரத்தச் சர்க்கரை இயல்பு, மருந்து தேவையில்லை" என்ற ஒரு வரிச் சான்று, இந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் இன்னொரு தகுதிப் பரிசோதனை. ஸ்ட்ரிப் நிறம் மாறுவதற்குள் உறையை மேஜையில் வைத்துவிட்டேன்.